‘டிரா’ என்னும் ஆங்கிலச் சொல்: இழுத்தலில் தொடங்கிப் பழகுவதற்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் கற்கத் தொடங்குவோரில் பெரும்பாலோர் ‘டிரா’ என்ற சொல்லைப் பள்ளியின் ஓவிய வகுப்பில்தான் முதலில் சந்திக்கிறார்கள். அப்போது அதன் பொருள் படம் வரைதல் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் ‘லாஸ்ட் டிரான் சாலரி’ என்ற கட்டத்தையும், திரும்பி வந்த காசோலையுடன் இணைத்த சீட்டில் ‘ரெஃபர் டு டிராயர்’ என்ற வரியையும், விளையாட்டுச் செய்தியில் ஆட்டம் ‘டிரா’ ஆனதையும் படிக்கும்போது, வரைதலுக்கும் சம்பளத்துக்கும் காசோலைக்கும் ஆட்டத்துக்கும் என்ன உறவு என்ற குழப்பம் தோன்றுவது இயல்பே. அகராதியைத் திறந்தால் பொருள்களின் நீண்ட பட்டியல் ஒன்று எதிரே நிற்கிறது. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சொல்லின் அடியில் இருப்பது இழுத்தல் என்ற ஒரே செயல்தான். தமிழில் ‘இழு’ என்ற சொல்லை நாம் எத்தனை இடங்களில் புழங்குகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பவருக்கு, ஆங்கிலச் சொல்லின் பாதி வழி ஏற்கெனவே பழக்கமானதாக இருக்கும். மீதிப் பாதியைப் படிப்படியாகக் கடக்கலாம்.

முதற்படி: வடிவங்களும் ஒலியும்

இச்சொல்லின் எழுத்துகள் டி, ஆர், ஏ, டபிள்யூ ஆகிய நான்கு. நிகழ்காலத்தில் ‘டிரா’, இறந்தகாலத்தில் ‘டிரூ’, முற்றுப்பெற்ற செயலைக் குறிக்கும் மூன்றாம் வடிவத்தில் ‘டிரான்’ என்று இது மாறும். மற்ற வினைகளைப் போல இறுதியில் ‘எட்’ சேர்த்து ‘டிராட்’ என்று சொல்வது புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழையாகும். இறந்தகால வடிவமான ‘டிரூ’, உண்மை என்று பொருள்படும் ‘ட்ரூ’ என்ற சொல்லுடன் காதில் குழம்பக்கூடியது. முன்னது ‘பண்டம்’ என்பதில் வரும் மெல்லிய ‘ட’ ஒலியிலும், பின்னது ‘பட்டம்’ என்பதில் வரும் வல்லொலியிலும் தொடங்குகின்றன. இரண்டையும் மாறி மாறிச் சில முறை உரக்கச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு நாவில் தங்கிவிடும்.

இரண்டாம் படி: இழுத்தலைப் பிடித்துக்கொள்ளுதல்

பழைய ஆங்கிலத்தில் இழுத்தல் என்று பொருள்பட்ட ஒரு வினையிலிருந்து ‘டிரா’ வந்தது. தரையோடு தரையாக இழுத்துச் செல்வதைக் குறிக்கும் ‘டிராக்’ என்ற சொல் இதற்கு மிக நெருங்கிய உறவு. சுமத்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘டிராகென்’ இன்னொரு உறவு. இன்றைய ஆங்கிலத்தில், கதவை இழுப்பது, கயிற்றை இழுப்பது, ஒருவரின் கையைப் பிடித்து இழுப்பது போன்ற அன்றாடச் செயல்களுக்கு ‘புல்’ என்ற சொல்லே பொதுவாக வழங்குகிறது. கடைக் கதவுகளில் ‘புஷ்’ என்பதற்கு இணையாக எழுதப்பட்டிருப்பதும் அதுவே. பாரமான பொருளை, அல்லது வர மறுக்கும் ஒருவரை, தரையில் உரச இழுத்துச் செல்வதற்கு ‘டிராக்’ பொருந்தும். ‘டிரா’ என்பது சீராக, கட்டுப்பாட்டோடு, தன்னை நோக்கியோ ஒன்றன் உள்ளிருந்து வெளியேயோ இழுக்கும் செயல். ஆகவே கதவில் ‘டிரா’ என்று எழுதுவது வழக்கத்துக்கு மாறானது. வண்டி இழுக்கும் மாடு, திரைச்சீலை, உறையிலுள்ள வாள், கிணற்று நீர் ஆகியவற்றைப் பேசும்போது அது இயல்பாகப் பொருந்தும். மாட்டு வண்டியை ஆங்கிலத்தில் ‘புல்லக் டிரான் கார்ட்’ என்று எழுதும்போது நாம் இந்தப் பழைய, நேரடியான பொருளைத்தான் பயன்படுத்துகிறோம்.

தமிழைச் சற்றுக் கவனியுங்கள். தேரை வடம் பிடித்து இழுக்கிறோம், மூச்சை இழுக்கிறோம், புகையை இழுக்கிறார்கள், தாளில் கோடு இழுக்கிறோம், ஒரு படம் கூட்டத்தை இழுக்கிறது, மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கிறது என்று மின்பணியாளர் சொல்கிறார். இந்த ஆறு இடங்களிலும் ஆங்கிலத்தில் ‘டிரா’ வரும். குறிப்பாகக் கோடு இழுத்தல் என்ற நம் வழக்கு, வரைதல் என்ற பொருள் எப்படிப் பிறந்தது என்பதையும் காட்டிவிடுகிறது. எழுதுகோலின் முனையைத் தாளின் மேல் இழுத்துச் செல்வதே வரைதல். இதைப் புரிந்துகொண்டவருக்கு ஓவிய வகுப்பின் ‘டிரா’ தனியான ஒரு சொல்லாகத் தோன்றாது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. தமிழில் பென்சிலால் தீட்டினாலும் தூரிகையால் தீட்டினாலும் ‘வரைந்தார்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கோடுகளால் அமைவது மட்டுமே ‘டிரா’. தூரிகையும் வண்ணமும் கொண்டு தீட்டுவது ‘பெயிண்ட்’. வாசலில் போடும் கோலத்துக்கு ‘டிரா’ பொருந்துகிறது, ஏனெனில் அதுவும் மாவை விரல்களுக்கிடையே நழுவவிட்டு இழுக்கும் கோடுதான்.

மூன்றாம் படி: பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. ‘டிரா’ தனியாக நிற்கும்போது அதன் பொருளைத் தீர்மானிக்க இயலாது. எதை இழுக்கிறோம் என்பதைச் சொல்லும் செயப்படுபொருள்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. அந்தப் பெயர்ச்சொல் மாறும்தோறும் தமிழ் வேறொரு வினையை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலம் ஒரே வினையில் நின்றுவிடுகிறது. தண்ணீர் என்றால் தமிழில் இறைக்கிறோம், வாள் என்றால் உருவுகிறோம், இரத்தம் என்றால் எடுக்கிறோம், முடிவு என்றால் அதற்கு வருகிறோம், கவனம் என்றால் ஈர்க்கிறோம், சம்பளம் என்றால் வாங்குகிறோம். ஆங்கிலத்தில் ஆறும் ‘டிரா’ தான். எனவே இச்சொல்லைத் தனியாகக் குறித்துவைக்காமல், ‘டிரா வாட்டர்’, ‘டிரா பிளட்’, ‘டிரா அட்டென்ஷன்’ என்று இரண்டு சொற்களாகச் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எதிரே அதற்குரிய தமிழ் வினையை எழுதுங்கள். தமிழ் வினை மாறுவதை உங்கள் கண்ணே பார்த்துவிட்டால், மொழிபெயர்க்கும்போது கை தானாகச் சரியான சொல்லுக்குச் செல்லும்.

கண்ணுக்குத் தெரியாத பொருள்களை இழுக்கும் சேர்க்கைகளே எழுத்து ஆங்கிலத்தில் மிகுதியாக வருகின்றன. தரவுகளைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவது ‘டிரா எ கன்குளூஷன்’. இங்கே முடிவு என்பது தரவுகளுக்குள் கிடப்பதாகவும், நாம் அதை வெளியே இழுப்பதாகவும் ஆங்கிலம் கருதுகிறது. இரண்டு பொருள்களை ஒப்பிடுவது ‘டிரா எ கம்பாரிசன்’, வேறுபடுத்துவது ‘டிரா எ டிஸ்டிங்ஷன்’. இவ்விரண்டிலும் நடுவே கோடு இழுக்கும் உணர்வு இருக்கிறது. ஒரு திட்டம் கண்டனத்துக்கு உள்ளானால் அது ‘டிரா கிரிட்டிசிசம்’, ஒரு நடனம் கைதட்டலைப் பெற்றால் ‘டிரா அப்ளாஸ்’. ஒருவரிடமிருந்து ஊக்கம் பெறுவதற்கு ‘டிரா இன்ஸ்பிரேஷன்’ என்பார்கள். அதன் பின் ‘ஃபிரம்’ என்ற இடைச்சொல் வர வேண்டும், ஏனெனில் இழுக்கப்படும் இடத்தை அதுதான் சுட்டுகிறது. ‘டிரா தி லைன்’ என்று ‘தி’ சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் தாளில் இழுக்கும் கோட்டைக் குறிப்பதில்லை. இதற்கு மேல் பொறுக்க மாட்டேன், இதுவே எல்லை என்று உறுதியாக நிற்பதைக் குறிக்கும்.

மின்சாரத்தில் இந்தச் சேர்க்கை அப்படியே தமிழோடு ஒத்துப்போகிறது. ஒரு மோட்டார் 6 ஆம்பியர் இழுக்கிறது என்பதை ஆங்கிலத்தில் ‘டிராஸ்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். கப்பலைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழ் துணைக்கு வராது. ஒரு கப்பல் எட்டு மீட்டரை ‘டிரா’ செய்கிறது என்று துறைமுகக் குறிப்பு சொன்னால், அக்கப்பலின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே எட்டு மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். கடல் சார்ந்த பணிக்குச் செல்வோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காம் படி: அலுவலகமும் வங்கியும்

இந்தியாவில் ஆங்கிலத்தின் ‘டிரா’ மிகுந்த அதிகாரத்தோடு வாழும் இடம் பணம் சார்ந்த ஆவணங்களே. இங்கே ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பண இழப்பும் வழக்கும் வரக்கூடும் என்பதால், இப்பகுதியைப் புதியவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காசோலையை எழுதிக் கையொப்பமிடுபவர் ‘டிராயர்’. எந்த வங்கியிலிருந்து பணம் கொடுக்கப்பட வேண்டுமோ அந்த வங்கி ‘டிராயீ’. பணத்தைப் பெற வேண்டியவர் ‘பேயீ’. இம்மூன்று பெயர்களும் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் விளக்கப்பட்டிருக்கின்றன. காசோலை எழுதுவது ஏன் இழுத்தலாகிறது என்றால், எழுதுபவர் தம் கணக்கிலுள்ள பணத்தை வெளியே இழுக்குமாறு வங்கிக்கு ஆணையிடுகிறார் என்பதே காரணம். ஆகவே ஒரு காசோலை இன்ன வங்கியின் மேல் எழுதப்பட்டது என்பதற்கு ‘டிரான் ஆன்’ என்று ‘ஆன்’ என்ற இடைச்சொல்லைச் சேர்க்க வேண்டும். யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல ‘இன் ஃபேவர் ஆஃப்’ என்று எழுத வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிப் போட்டால் பெறுநரும் வங்கியும் இடம் மாறிவிடுவார்கள்.

திரும்பி வந்த காசோலையில் ‘ரெஃபர் டு டிராயர்’ என்று குறித்திருந்தால், மேசையின் இழுப்பறையைப் பார்க்கச் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. காசோலையை எழுதியவரையே அணுகிக் கேளுங்கள் என்று வங்கி சொல்கிறது. கணக்கில் போதிய பணமின்றிக் காசோலை திரும்புவதை அதே சட்டத்தின் 138ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. 1988ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட இப்பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வழக்கறிஞரின் அறிவிப்பில் ‘டிராயர்’ என்று உங்களைக் குறிப்பிட்டிருந்தால், நீங்கள் காசோலை எழுதியவர் என்ற நிலையில்தான் அழைக்கப்படுகிறீர்கள்.

வங்கியின் ‘டிமாண்ட் டிராஃப்ட்’, ‘ஓவர்டிராஃப்ட்’ ஆகியவற்றிலுள்ள ‘டிராஃப்ட்’ என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததுதான். இருப்புக்கு மேல் இழுத்துவிட்ட நிலையே ஓவர்டிராஃப்ட். பணம் எடுப்பதைக் குறிக்கும் ‘வித்டிரா’ என்ற சொல்லில் வரும் ‘வித்’ என்பது ‘உடன்’ என்ற இன்றைய பொருளைக் கொண்டதன்று. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பின்னோக்கி, எதிராக என்ற பொருள்கள் இருந்தன. பணத்தைக் கணக்கிலிருந்து திரும்ப இழுத்தல், வழக்கைத் திரும்பப் பெறுதல், வேட்புமனுவைத் திரும்பப் பெறுதல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது இதனாலேயே.

அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ‘டிராயிங் அண்ட் டிஸ்பர்சிங் ஆபீசர்’ என்ற பதவிப் பெயரைக் கேட்டு, வரைபடப் பிரிவின் அலுவலர் என்று எண்ணிவிடுவதற்கு வாய்ப்பு உண்டு. கருவூலத்திலிருந்து பணம் பெற்று, அதை ஊழியர்களுக்கும் பிறருக்கும் வழங்கும் பொறுப்புடையவர் இவர். தமிழில் பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்கிறோம். விண்ணப்பப் படிவத்தின் ‘லாஸ்ட் டிரான் சாலரி’ என்ற கட்டத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதக் கூடாது. முந்தைய வேலையில் கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தையே எழுத வேண்டும். எதிர்பார்க்கும் தொகைக்குப் பெரும்பாலும் தனிக் கட்டம் இருக்கும்.

ஐந்தாம் படி: ஆட்டமும் குலுக்கலும்

விளையாட்டில் ‘டிரா’ என்பது வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டத்தைக் குறிக்கும். கால்பந்தில் இரு அணிகளும் சமமான கோல்களோடு முடித்தால் அது டிரா. கிரிக்கெட்டில் நிலைமை வேறு. தமிழ்ப் பேச்சில் இரண்டையும் சமன் என்று சொல்லிவிடுவதால் இங்கே கவனம் வேண்டும். டெஸ்ட் ஆட்டத்தில் நேரம் முடிந்தும் ஆட்டம் முற்றுப்பெறாமல் நின்றால் அது டிரா. ஆட்டம் முழுமையாக முடிந்து, இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சமமாக இருந்தால் அது ‘டை’. 1986 செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் டையில் முடிந்தது. அதற்கு முன் அப்படி முடிந்த ஒரே டெஸ்ட், 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது. சேப்பாக்கம் ஆட்டத்தை டிரா என்று எழுதுவது, அந்தக் கடைசி ஓவரின் பதற்றத்தையே அழித்துவிடும் பிழை என்று நினைக்கிறேன்.

சதுரங்கத்தில் டிரா என்பது அன்றாட நிகழ்வு. 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சென்னையின் குகேஷ், டிங் லிரெனை 7½–6½ என்ற புள்ளிகளில் வென்று உலக வாகையர் ஆன போட்டியின் 14 ஆட்டங்களில் 9 டிராவில் முடிந்தன. ஓர் ஆட்டம் இப்படி முடிந்ததைச் சொல்லும்போது ‘கேம் வாஸ் டிரா’ என்று எழுதினால் இலக்கணம் பிழைபடும். ‘வாஸ் டிரான்’ என்றோ, ‘எண்டட் இன் எ டிரா’ என்றோ எழுத வேண்டும். முன்னதில் அது வினை, பின்னதில் பெயர்ச்சொல்.

சீட்டெடுத்துத் தீர்மானிப்பதும் டிராதான். பாத்திரத்துக்குள் கைவிட்டு ஒரு சீட்டை வெளியே இழுப்பதால் அது ‘டிரா லாட்ஸ்’ ஆயிற்று. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விவரிக்கும் குடவோலை முறையை ஆங்கிலத்தில் எழுத விரும்புகிறவருக்கு இந்தச் சேர்க்கையே உரியது. இன்றும் இந்தியத் தேர்தலில் இருவர் சமமான வாக்குகள் பெற்றால், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி தேர்தல் நடத்தும் அலுவலர் சீட்டெடுத்தே முடிவு செய்கிறார். டென்னிஸ் போட்டிகளில் யார் யாரோடு மோதுவது என்பதைக் காட்டும் அட்டவணைக்கும் டிரா என்று பெயர். விம்பிள்டன் ஒற்றையர் பிரிவின் முதன்மை டிராவில் 128 பேர் இடம்பெறுகிறார்கள். தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு வழங்கும் ‘டிரா எ பிளாங்க்’ என்ற தொடர், பரிசுச் சீட்டுக் குலுக்கலில் வெற்றுச் சீட்டை எடுத்ததிலிருந்து வந்தது.

ஆறாம் படி: இடைச்சொல் சேர்ந்த வினைகள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க முயல வேண்டாம். முதலில் நான்கு போதும். ‘டிரா அப்’ என்றால் ஒப்பந்தம், திட்டம், பட்டியல் போன்றவற்றை எழுதி உருவாக்குதல். ‘டிரா அவுட்’ என்றால் நீட்டித்தல். கூட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்று நாம் சொல்வதும் இதுவே. அதே சொல், கூச்சப்படும் ஒருவரைப் பேசவைத்தல் என்ற அழகான பொருளையும் தரும். ‘டிரா ஆன்’ என்றால் கையிலுள்ள அனுபவத்தையோ சேமிப்பையோ பயன்படுத்திக்கொள்ளுதல். ‘டிரா நியர்’ என்றால் நெருங்குதல். இங்கே செயப்படுபொருள் இல்லை, தேர்வு நாள் தானே நகர்ந்து வருகிறது.

ஏழாம் படி: பெயர்ச்சொற்களாகி வீட்டுக்குள் வந்தவை

மேசையின் ‘டிராயர்’, தமிழில் இழுப்பறை. இரு மொழிகளும் ஒரே எண்ணத்தில் பெயர் வைத்திருக்கின்றன. கால்களின் வழியே மேலிழுத்து உடுத்தும் உள்ளாடைக்கு ஆங்கிலத்தில் ‘டிராயர்ஸ்’ என்று பெயர் வந்தது, நம் ஊரில் அது டிராயர் என்று தங்கிவிட்டது. உணவுக்குப் பின் விருந்தினர் ஒதுங்கிச் சென்று அமரும் அறை ‘வித்டிராயிங் ரூம்’ என்று வழங்கி, பின்னர் முன்பகுதி தேய்ந்து ‘டிராயிங் ரூம்’ ஆயிற்று. படம் வரைதலோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

கோயம்புத்தூர்ப் பகுதியின் நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துத் தூய்மையாக்கும் புளோரூம், அதைச் சீவித் திரியாக்கும் கார்டிங் ஆகியவற்றுக்கு அடுத்து வரும் பிரிவை ‘டிராயிங்’ என்றே தொழிலாளர்கள் அழைக்கிறார்கள். கார்டிங்கிலிருந்து வரும் பஞ்சுத் திரிகளில் ஆறு அல்லது எட்டை ஒன்றாகச் சேர்த்து, ஒன்றைவிட மற்றொன்று விரைவாகச் சுழலும் உருளை இணைகளுக்கிடையே செலுத்தும்போது, திரி மெல்ல இழுபட்டு நீள்கிறது, இழைகள் ஒரே திசையில் நேராகின்றன, தடிமன் சீராகிறது. இச்சொல்லின் மூலப்பொருளைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த இயந்திரத்தின் அருகே சற்று நேரம் நின்றாலே போதும்.

‘டிராஃப்ட்’ என்று ஒலிக்கும் சொல்லைப் பிரித்தானிய ஆங்கிலம் இரண்டு விதமாக எழுதுகிறது. வரைவு ஆவணத்துக்கும் வங்கி வரைவோலைக்கும் ஒலிப்படியே எஃப் எழுத்தைக் கொண்டு எழுதுவார்கள். கப்பல் அமிழும் ஆழம், கதவிடுக்கில் வரும் காற்று ஆகியவற்றுக்கு டி, ஆர், ஏ, யூ, ஜி, எச், டி என்று நீளமாக எழுதி, அதையும் டிராஃப்ட் என்றே ஒலிப்பார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களின் ‘டிராஃப்ட்ஸ்மேன்’ பயிற்சிப் பிரிவின் பெயர் ஆங்கிலத்தில் இந்த நீண்ட எழுத்திலேயே இருக்கும் என்பதால், அதில் சேர விரும்புவோர் விளம்பரத்தைப் படிக்கும்போது தடுமாற வேண்டியதில்லை. அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் குறுகிய வடிவத்தையே பயன்படுத்துகிறார்கள்.

எட்டாம் படி: எழுதிப் பழகுதல்

கீழுள்ள வாக்கியங்களை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு விளக்கத்தைப் படியுங்கள். “செவிலியர் என் கையிலிருந்து இரத்தம் எடுத்தார்” என்பதற்கு இறந்தகால ‘டிரூ’ வர வேண்டும். “இந்தக் காசோலை சென்னைக் கிளையின் மேல் எழுதப்பட்டது” என்பதற்கு ‘டிரான் ஆன்’ வர வேண்டும். “வழக்கறிஞர் ஒப்பந்தத்தை எழுதித் தந்தார்” என்பதில் ‘டிரூ அப்’ என்று எழுதினால் ஒப்பந்தத்தை உருவாக்கினார் என்றாகும். ‘அப்’ விடுபட்டால் ஒப்பந்தத்தைப் படமாக வரைந்தார் என்று படிப்பவர் மயங்கக்கூடும். “நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தாள்” என்பதற்கு ‘புல்’, ‘டிரா’ இரண்டும் பொருந்தும், ஆனால் கதை எழுதுகிறவர் டிராவையும் பேசுகிறவர் புல்லையும் விரும்புவார்.

கடைசியாக, “திரைச்சீலையை இழுத்து மூடு” என்ற வாக்கியம். ‘டிரா தி கர்ட்டன்ஸ்’ என்று எழுதினால் மூடுவதா திறப்பதா என்பது அதில் இல்லை. திரையை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஆங்கிலத்தில் அது டிராதான். மாலையில் சொன்னால் மூடுவதாகவும், காலையில் எழுந்தவுடன் சொன்னால் திறப்பதாகவும் கேட்பவர் சூழலைக் கொண்டு ஊகிக்கிறார். நோயாளியைக் கவனிக்கும் பணியிலோ விடுதிப் பணியிலோ இருப்பவர்கள் எழுத்தில் குறிப்பு விட்டுச் செல்லும்போது ‘டிரா’ என்ற சொல்லையே விட்டுவிட்டு, ‘ஓபன்’ அல்லது ‘க்ளோஸ்’ என்று எழுதுவது நல்லது.